இரைச்சலை இரைச்சலால் அவித்தல்: ஒரு வரலாற்று நோக்கு

வவுனிக்குளத்தை அடுத்த துணுக்காய்ப் பிரதேசத்தில் உழவுக் காலத்தை அறிவிப்பது லான்ட்மாஸ்ரரின் ஓசையாகும். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் உழவனின் உடலுழைப்பைக் குறைத்தன; அவனது செவியின் சுமையையோ கூட்டின. ஒலியை ஒலியாலேயே அவிக்கும் ஹெட்போன்கள் கடைகளில் விற்கப்படும் இந்நாளில், அவை இவ்வுழவனுக்கு உதவுமா என்னும் வினா எழுதல் இயல்பே. அக்கருவியின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகின்றது.

ஒலி என்பது வளியமுக்கத்தின் ஏற்ற இறக்கம். ஓரலையின் முடியும் அதற்குச் சமமான வேறோரலையின் தாழியும் ஒரே கணத்தில் ஓரிடத்திற் சந்திப்பின் இரண்டும் அவ்விடத்தில் அழியும். இத்தலையீட்டுத் தத்துவத்தைத் தோமஸ் யங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கினார். ஒலியை அடக்க அதனைப் பயன்படுத்த முனைந்தவர் ஜேர்மனியரான போல் லூக். 1933 இல் தம் நாட்டில் விண்ணப்பித்த அவருக்கு 1936 இல் ஐக்கிய அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது. குழாய்வழி வரும் ஒலியை ஒலிவாங்கி முன்னரே பற்ற, அப்பாலுள்ள ஒலிபெருக்கி அதன் எதிரலையை எழுப்பவேண்டும் என்பதே அவர் திட்டம். அன்றைய இலத்திரனியலோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

1956 இல் கொனோவர் என்பார் மின் நிலைமாற்றியின் முரலொலியை ஒலிபெருக்கிகளால் அடக்க முயன்றார். ஒடுங்கிய ஒரு திசையில் ஒலி குறைந்தது; வேறு திசைகளிலோ அது கூடிற்று! திறந்த வெளியில் இம்முறைக்குள்ள இடர்ப்பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. அதற்கு முன்னரே, 1953 இல், ஒல்சனும் மேயும் ஆசனத்தில் தலை சாயும் சிறு பரப்பை மட்டும் அமைதியாக்கும் கருவியை விவரித்திருந்தனர். பரப்பை மேலும் சுருக்கிச் செவியருகே கொண்டுவந்தபொழுதே முயற்சி பயன் தந்தது. 1978 இல் விமானப் பயணமொன்றின்போது இதனைச் சிந்திக்கத் தொடங்கிய பேராசிரியர் அமர் போஸின் நிறுவனம், 1989 இல் விமானிகளுக்கான ஹெட்போனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அவர் தந்தை வங்கத்தவர் என்பது நம்மவர்க்குப் பெருமை தரலாம்; ஆயினும் கண்டுபிடிப்பு அவரோடு தொடங்கிற்று என்பது வரலாறாகாது.

செவியருகே வந்தும் குறை முற்றாக நீங்கவில்லை. ஒலியமுக்கம் பத்திலொன்றாகக் குறைய வேண்டுமெனின், எதிரலை அலைநீளத்தில் ஏறக்குறைய அறுபதிலொரு பங்குக்கு மேற் பிசகலாகாது. 100 ஹேட்ஸ் மீடிறனில் இப்பிசகு ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். 3000 ஹேட்ஸில் 2 மில்லிமீற்றர்தான்! எனவே எஞ்சினின் இடையறாத தாழ்முழக்கம் அடங்கும். கீச்சொலியும் சடுதியான வெடியோசையும் பெரும்பாலும் தப்பிவிடும். மண்டையோட்டு எலும்பின் வழியே உட்செவியை எட்டும் ஒலிக்கு எதிரலை பெரிதும் உதவாது.

ஆகவே துணுக்காய் வயலின் இரைச்சலை வயலிலேயே அவித்தல் இயலாது. உழவன் தன் செவிகளை மூடியே பயன்பெற வேண்டும். உயர் மீடிறன் ஒலியைத் தடுக்க எதிரலை எழுப்பாத சாதாரண செவிமூடியே போதுமானது, விலையும் குறைவு. வியர்வையும் புழுதியும் நிறைந்த வேலைக்கு அதுவே ஏற்றதென்பது என் கருத்து. ஏற்கெனவே கெட்ட செவிக்கு இரண்டுமே மருந்தல்ல. உட்செவியின் மயிர்க்கலங்கள் மனிதரில் அழிந்தபின் மீள வளர்வதில்லை. 2009 இல் முடிவுற்ற போரின் வெடியோசையாற் செவிப்புலன் குன்றியோர் நிலையும் இதுவே.