வவுணதீவில் காவலிருந்த இருவர்: நாம் மறக்கக் கூடாத ஒரு வரலாறு

 

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் என்றதும் நமக்கு கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, நம் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயம் ஆகியவை ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கதை ஐந்து மாதங்களுக்கு முன்பே, வாவிக்கு அப்பால் வவுணதீவில், ஒரு சிறிய பொலிஸ் காவலரணில் நம் கண் முன்னே வந்து நின்றது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. அதனால்தான் எழுதுகிறோம்.

2018 நவம்பர் 30 அதிகாலை. வலையிறவுப் பாலத்துக்கு அருகிலிருந்த காவலரணில் இரவுக் கடமையில் இருந்த இரண்டு கொன்ஸ்டபிள்கள் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் கணேஷ் தினேஷ், தமிழர். மற்றவர் நிரோஷன் இந்திக்க பிரசன்ன, சிங்களவர். அவர்களின் துப்பாக்கிகளும் பறிக்கப்பட்டிருந்தன.

யார் செய்தது? பதில் அன்றைக்கே பலரிடம் தயாராக இருந்தது: "பழைய புலிகள்தான்."

அந்தப் பதில் ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மாவீரர் தினம் முடிந்து மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. இடமோ படுவான்கரையின் வாசல். யுத்த காலத்தில் வவுணதீவு எல்லை ஊர். 1997 மார்ச்சில் அங்கிருந்த இராணுவ முகாமைப் புலிகள் தாக்கினார்கள். அதற்கும் முன்னால், 1990 ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் சுற்றிவளைக்கப்பட்டு, சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தக் காயம் பொலிஸ் திணைக்களத்தின் நினைவில் ஆறவே இல்லை. 2007இல் படுவான்கரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தபின்னும் பொலிஸுக்கும் மக்களுக்கும் நடுவே பழைய சந்தேகம் தொடர்ந்தது.

ஆக, சம்பவம் நடந்ததும் பழைய கோப்பைத்தான் திறந்தார்கள். முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். அவர் குடும்பம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

2019 ஏப்ரல் 21 வந்தது. 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சீயோனில் மட்டும் எத்தனை சிறுவர்கள்! அதன்பின் நடந்த விசாரணைகளில்தான், வவுணதீவுக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் குழு என்பதும், ஆயுதம் பறிப்பதே நோக்கம் என்பதும் வெளிவந்தது. அந்த முன்னாள் போராளி மே மாதம்தான் விடுதலையானார். விசாரணை எப்படித் திசை மாறியது என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது.

சஹ்ரான் யாருக்கும் தெரியாத ஆளல்ல. 2017 மார்ச் 10இல் காத்தான்குடி அலியார் சந்தியில் அவருடைய குழு வாளோடு மோதியபின் அவர் தலைமறைவானார். முறைப்பாடு செய்தவர்களும் தெருவில் இறங்கி எச்சரித்தவர்களும் முஸ்லிம்களே. ஆனால் வவுணதீவில் கொலை நடந்தபோது, வாவியின் இந்தப் பக்கக் கோப்பையும் அந்தப் பக்கக் கோப்பையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. "இந்த ஊர் என்றால் இவர்கள்தான்" என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான சம்பவமும் நம் கரையோரத்தில்தான் நடந்தது. ஏப்ரல் 26, சாய்ந்தமருது. புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் மேல் சந்தேகம் கொண்டு விசாரித்தவர்களும், பொலிஸுக்குத் தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அந்த வீட்டுக்குள் வெடித்த குண்டுகளில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் போனது மாறாத துயரம். ஆனாலும் மக்கள் சொன்னதை உடனே கேட்டதால், வெடிபொருட்களோடு பதுங்கியிருந்தவர்கள் இன்னொரு ஊருக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு சிறிய பொலிஸ் நிலையத்தின் பலம் இதுதான். மாடு களவு போனாலும், ஆற்று மண் களவாக ஏற்றப்பட்டாலும், கசிப்புக் காய்ச்சினாலும், வயல் வரம்பில் சண்டை வந்தாலும் முதலில் தெரிவது ஊராருக்கு. ஊரார் பயமில்லாமல், தங்கள் தாய்மொழியில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்பவர் பெயரைப் பார்க்காமல் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் பேசும் மண்ணில் கணேஷ் தினேஷ் போன்ற ஒரு கொன்ஸ்டபிள் எவ்வளவு பெறுமதியானவர் என்பது முறைப்பாட்டோடு வாசலில் காத்து நின்றவர்களுக்குப் புரியும்.

நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான் அந்த இருவரையும் கொன்றார்கள். ஆகவே அவர்களை நினைவுகூர்வது தமிழர், சிங்களவர் கடமை மட்டுமல்ல, எங்கள் கடமையும் கூட. அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனிதர் எல்லோரையும் கொல்வதற்குச் சமம் என்றே எங்கள் மார்க்கம் போதிக்கிறது.

ஆசிரியர்களாக நாங்கள் கேட்பது ஒன்றுதான். உயிர்த்த ஞாயிறைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வவுணதீவிலிருந்து தொடங்குங்கள். இரண்டு இளைஞர்களின் பெயர்களையும் சொல்லுங்கள். செய்யாத குற்றத்துக்காகத் தடுப்பில் கிடந்தவரைப் பற்றியும் சொல்லுங்கள். அடுத்த முறை எங்காவது ஒன்று நடந்தால், "யார் ஆட்கள்?" என்று கேட்கும் முன் "என்ன நடந்தது?" என்று கேட்க அவர்கள் பழகட்டும்.