ஆனையைத் தொலைத்த கோண்டா

கணினியில் கறுப்புத் திரையைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் படுவது பிறை அடைப்புக்குள் நிற்கும் 'பேஸ்' என்ற சொல். கோண்டா விழித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, கோண்டான்னா என்ன?" என்றார். "அனகோண்டாவோட வால்" என்றேன். "அப்ப அனகோண்டான்னா?" பாம்பு என்று சொல்லி முடித்திருக்கலாம். முடிக்க மனம் வரவில்லை.

முதலில் கருவி. பைத்தான் மொழியில் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்று சில பொதிகள் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட பதிப்பில். 2024 ஜூனில் எண்கணக்குப் பொதியான நம்பையின் 2.0 பதிப்பு வந்தபோது, பழைய நம்பையை நம்பித் தொகுக்கப்பட்டிருந்த பல பொதிகள் அப்படியே படுத்துவிட்டன. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் புதியதை ஏற்றும்போது பழையது சாகும். அதனால் ஒவ்வொரு வேலையையும் 'சூழல்' என்ற தனிக்குடித்தனத்தில் வைத்துவிடுவதுதான் கோண்டாவின் தொழில். அந்தக் குடித்தனத்தின் பெயர், சாமான் வாங்கும் கிடங்கு, வேண்டிய பொதிகள், அவற்றின் பதிப்பு எண்கள் என்று ஏழெட்டு வரியில் ஒரு கோப்பு எழுதிக் கொடுத்தால் போதும். வேறொரு கணினியிலும் அதே வீட்டைக் கட்டித் தரும். குடித்தனம் தனி என்றாலும் அரிசி மூட்டை பெரும்பாலும் ஒன்றுதான். இறக்கிய பொதி பொதுக் கிடங்கில் ஒருமுறை கிடக்கும், அதே கோப்புக்கே ஒவ்வொரு சூழலிலிருந்தும் ஓர் இணைப்பு போகும். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர் யாரோ யோசித்த ஏற்பாடு என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

யோசித்தவர்கள் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருந்தார்கள். நம்பையை உருவாக்கிய டிராவிஸ் ஆலிஃபான்டும் பீட்டர் வாங்கும் 2012இல் கன்டினியூம் அனலிட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அறிவியல் பொதிகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்த தொகுப்புக்கு அனகோண்டா என்றும், அதை மேய்க்கும் கருவிக்குக் கோண்டா என்றும் பெயர் வைத்தார்கள். 2017இல் நிறுவனமே அனகோண்டா ஆகிவிட்டது. காரணத்தை ஊகிக்க மெனக்கெட வேண்டாம்: மொழியின் பெயர் மலைப்பாம்பு, பெரிய தரவுக்குப் பெரிய பாம்பு.

ஆனால் மொழியின் பெயரே மலைப்பாம்பு அல்ல. கீடோ வான் ராசம் அதற்குப் பெயர் வைத்தது பிபிசியின் 'மான்ட்டி பைத்தான்' நகைச்சுவைத் தொடரை மனத்தில் வைத்து. இல்லாத பாம்பைப் பார்த்து வைத்த பெயர்தான் அனகோண்டா.

பாம்பின் கதை இதைவிடக் குழப்பம். 1693இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் லத்தீனில் எழுதிய விலங்கு நூலில், லைடன் அருங்காட்சியகப் பட்டியலைப் பார்த்து ஒரு பாம்பைச் சேர்த்தார். இலங்கையார் அதை 'அனகந்தயா' என்கிறார்கள், எருமை முதலான கால்நடைகளின் உடலை நொறுக்கும் என்பது குறிப்பு. 1768இல் 'ஸ்காட்ஸ் மேகசின்' இதழில் ஆர். எட்வின் என்ற பெயரில் ஒருவர் இலங்கையில் இந்தப் பாம்பு ஒரு புலியைச் சுற்றி நொறுக்கியதைக் கண்ணால் கண்டதாக அளந்துவிட்டார். இலங்கைக் காட்டில் வேங்கைப்புலி ஏது? ஆனாலும் கதை பிடித்துக்கொண்டது, சொல்லும் பரவியது. பிறகு ஐரோப்பியப் புத்தகங்களில் அது கடல் தாண்டித் தென் அமெரிக்கப் பாம்பின் மேல் ஏறியது. அமேசானில் ஆண்டுக்கணக்கில் சுற்றிய ஹென்றி வால்டர் பேட்ஸ் தேடிப் பார்த்தார். அங்கே யார் வாயிலும் அந்தப் பெயர் இல்லை. அங்குள்ளவர்கள் அந்தப் பாம்பைச் சுகுருஜு என்றார்கள்.

தமிழ் இங்கேதான் நுழைகிறது. 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இது தமிழின் 'ஆனை கொன்ற' என்பதாக இருக்கலாம் என்றது. அதைத் தொகுத்த இருவரில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்துச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். நமக்குக் கேட்க இனிப்பாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சை நினைத்தால் இன்னும் இனிக்கும். அங்கே ஒன்று 'ஒண்டு', மூன்று 'மூண்டு', கன்று 'கண்டு', பன்றி 'பண்டி'. அந்தக் கணக்கில் கொன்ற என்பது 'கொண்ட' ஆகும். ஆனைகொண்ட! அச்சில் வார்த்தது போல உட்காருகிறது.

இவ்வளவு சரியாக உட்கார்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ரேயின் எழுத்தைக் கூர்ந்து பார்த்தால் அங்கே 'கொ' இல்லை, 'க' இருக்கிறது. கடைசியில் 'யா' என்று ஒரு வாலும் தொங்குகிறது. உயிருள்ளவற்றின் பெயரில் சிங்களத்தில் அடிக்கடி கேட்கும் முடிவு அது. டொனால்ட் ஃபெர்குசன் என்பவர் இதைப் பிடித்துக்கொண்டார். சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்று ஒரு பாம்பு உண்டு. ஹென என்றால் இடிமின்னல், கந்த என்றால் தண்டு. ரோமன் எழுத்தில் போட்டால் ந்த, ண்ட எல்லாம் ஒரே கோலம்தான், ஒலி தடம் புரள வழி தாராளம். ஆதாரம் இருக்கும் பக்கம் சாய்வதென்றால் நான் சிங்களத்தின் பக்கம்தான். தமிழ் ஆனை அழகாக இருக்கிறது, அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஹெனகந்தயா மலைப்பாம்பே இல்லை. கொடிபோல ஒல்லியான, பழுப்பு நிறக் கண்கொத்திப் பாம்பு. ஓணானைப் பிடித்துத் தின்னும், எருமை அதன் கண்ணுக்கு மலை. அதன் அறிவியல் பேரினப் பெயரான 'அஹைத்துல்லா'வும் சிங்களம்தான், பொருளும் கண்ணைக் கொத்துவது. விரல் தடிமன் உள்ள பாம்பின் பெயர் ஏதோ கைமாற்றத்தில் இலங்கை மலைப்பாம்புக்குப் போய், அங்கிருந்து அமேசானுக்குப் போய், கடைசியில் ஆஸ்டினில் மறுபடி பைத்தான் பக்கத்திலேயே வந்து சுருண்டுகொண்டது.

அனகோண்டாவை வெட்டிக் கோண்டா ஆக்கியவர்கள் காதுக்குச் சுகமான இடத்தில்தான் வெட்டியிருப்பார்கள். ஆனால் வெட்டு விழுந்தது சரியாக இரு சொற்களின் மூட்டில். தமிழ் வழிப்படி ஆனை போய்க் கொலை மட்டும் மிச்சம், சிங்கள வழிப்படி மின்னல் போய்த் தண்டு மட்டும் மிச்சம். பின்னால் கோண்டாவை வேகமாக்க வந்த கருவிக்கு மாம்பா என்று பெயரிட்டார்கள். அது ஜூலு மொழிச் சொல். அதன் வழக்கை வேறு யாராவது ஆடட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, பழகிப் பார்க்க ஒரு சூழல் உருவாக்கினார். பெயராக 'ஆனை' என்று அடித்தார். அதற்குள் நுழைந்ததும் அடைப்புக்குள் பேஸ் இருந்த இடத்தில் ஆனை வந்து நின்றது. மாலையில் கிளம்பும் முன், வட்டில் இடம் அடைக்கிறதே என்று சூழலிலிருந்து வெளியே வந்து அவரே நீக்கும் கட்டளையைக் கொடுத்தார். உறுதிதானா என்று கோண்டா ஒருமுறை கேட்டது. 'ஒய்' என்று அடித்தார். இரண்டு நொடியில் ஆனை காலி.