ஈரம் தங்கும் வீடுகளில் ஜன்னலைத் திறப்பது எப்போது? பாலக்காட்டுக்கு ஒரு நேரம், இடுக்கிக்கு வேறு நேரம்

பாலக்காடு: கேரளத்தின் தமிழக எல்லையோரப் பகுதிகளில், தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுச் சுவர்களில் பூஞ்சை படர்வதும் துணிகளில் ஈரவாடை வீசுவதும் வழக்கம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமா உள்ளிட்ட சுவாசக் கோளாறுகள் அதிகம் ஏற்படுவதாக உலக சுகாதார அமைப்பு 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

ஜன்னலைத் திறக்க ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்ப்பது போதாது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 70 சதவீத ஈரப்பதம் கொண்ட ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். 15 டிகிரியில் ஈரப்பதம் 100 சதவீதமாக இருந்தாலும் நீராவி சுமார் 13 கிராம்தான். குளிர்ந்த காற்று வீட்டுக்குள் வந்து வெப்பமடையும்போது ஈரத்தை உறிஞ்சும். வெப்பமான ஈரக்காற்றோ குளிர்ந்த தரையிலும் சுவரிலும் பட்டு நீராகப் படியும்.

பாலக்காடு, சித்தூர், வாளையார் பகுதிகளில் மழைக்காலப் பகல் காற்று வெப்பமும் ஈரமும் நிறைந்தது. எனவே இரவின் பிற்பகுதியும் அதிகாலையும் ஏற்ற நேரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுவதால், அப்போது பகலிலும் திறக்கலாம். கோடையில் நண்பகலில் மூடிவைத்து, இரவில் திறப்பது வெப்பத்தைத் தணிக்கும்.

இடுக்கி மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாறில் நிலைமை வேறு. வீட்டின் உட்புறம் வெளியைவிடக் கதகதப்பாக இருந்தால், பனிமூட்டத்திலும் 10 நிமிடம் திறப்பது பயன் தரும். அடுப்பெரியாத, குளிர்ந்த வீடுகளில் வெயில் தென்படும் முற்பகல் வரை காத்திருப்பது நல்லது.

எதிரெதிர் ஜன்னல்களை ஒருசேரத் திறந்தால் காற்று விரைவில் மாறும். உட்புற ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது நல்லது. சமைக்கும்போதும் குளித்த பின்பும் எந்தப் பருவத்திலும் அந்த அறைகளின் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

குளிருக்காகக் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்தானது. அதிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குவோர் அதை உணர முடியாது. ஆகவே, உறங்கும் அறைக்குள் கரி அடுப்பை வைக்கவே கூடாது.