அந்தமான் காடும் தகவல் உரிமைச் சட்டமும்

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனிலிருந்தே தொடங்கப்படுகிறது. அந்தமானுக்கு அதில் இடமிருப்பதில்லை. ஆயினும் இரண்டையும் இணைக்கும் பெயர் ஒன்றுண்டு: சேகர் சிங்.

மக்களின் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழுவின் (1996) நிறுவனர்களுள் ஒருவர் அவர். அந்தமான் நிக்கோபார் சூழலியல் சங்கம், கல்பவிருக்ஷ், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆகிய பொதுநல அமைப்புகளின் வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் அவரையே ஆணையராக நியமித்தது. தீவுகளின் காட்டழிவு, ஜாரவாக்களின் நிலை ஆகியவற்றைக் குறித்த அவரது அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. அதை ஏற்ற நீதிமன்றம், ஜாரவா காப்பகத்தை ஊடறுக்கும் டிரங்க் சாலைப் பகுதிகளை மூடுமாறு 2002 மே மாதம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை என்பது வேறு கதை; அறிக்கையோ ஆய்வாளர் கைக்கு எட்டியது.

பெரிய நிக்கோபார் திட்டத்தில் நிலை தலைகீழானது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டைக் கோரும் அத்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதன் ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டோருக்கு, அதே சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டி அமைச்சகம் மறுத்தது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, உத்திசார் நலன். 2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த உயர்நிலைக் குழுவின் அறிக்கையும் வெளியிடப்படவில்லை.

அவ்விலக்கு பிற்காலத் திருத்தமன்று, சட்டத்துடன் பிறந்தது. பொதுநலன் மேலோங்கினால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் எனும் 8(2) பிரிவும் அவ்வாறே.