நகரிக் கல்: படிவா, உருமாற்றமா?

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளையும் ஏறி நின்றால் வடக்கே நகரி மலைகள் தெரியும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. அந்த மலைகளின் கல்லை நிலவியலார் ‘நகரி குவார்ட்சைட்’ என்கிறார்கள். மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறினால் குவார்ட்சைட் என்பது பள்ளிப் பாடம். பெயரை மட்டும் நம்பினால் நகரிக் கல்லையும் உருமாறிய பாறை என்றே எழுதிவிடத் தோன்றும். கல் சொல்லும் சாட்சி வேறு.

அந்தப் பாறையில் பழைய ஆழமற்ற நீரின் அலைத்தடங்கள் இன்றும் வரிவரியாக இருக்கின்றன. ஓடும் நீர் மணலைச் சாய்வாகக் கொட்டிச் சென்ற குறுக்குப் படுகைகளும் குலையவில்லை. 150 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த மணல் இது. இவ்வளவு கெட்டியானது எப்படி? மேலே படிவுகள் குவியக் குவிய, மணற்துகள்கள் ஒன்றையொன்று நெரித்தன. நெரிபட்ட முனைகளில் சிலிக்கா கரைந்து, துகள்களின் இடைவெளிகளில் மீண்டும் படிந்தது. காரை பூசியதுபோல் என்று சொல்வதுகூடப் போதாது: இங்கே காரையும் கல்லும் ஒரே பொருள். இந்த வேலைக்கு 100 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பமே போதும். உருமாற்றம் தொடங்குவதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லையோ 150 முதல் 200 டிகிரி.

திருப்பதி மலைப்பாதையில் இதே கல் எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. கீழே ஆர்க்கியன் காலக் கிரானைட், மேலே குவார்ட்சைட். நடுவில் பதிவே இல்லாமல் போன காலம் ஏறத்தாழ 80 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. உண்மையான உருமாற்றத்தைக் காண விரும்புபவர் திருத்தணிச் சமவெளியின் அடித்தளத்திலுள்ள நைஸ் பாறையைப் பார்க்கலாம்: வெளிர் கனிமங்களும் கரிய கனிமங்களும் பட்டை பட்டையாகப் பிரிந்து, பழைய முகமே தெரியாமல் போயிருக்கும். பல்லாவரத்துச் சார்னோகைட் இன்னும் ஒரு படி மேல். சுமார் 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கண்ட கல் அது.

நகரிக் கல் உருமாறவில்லை என்ற முடிவுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. குவார்ட்ஸ் மோசமான சாட்சி. தூய குவார்ட்ஸ் மணலை எவ்வளவு சூடேற்றினாலும் பெரும்பாலும் குவார்ட்ஸாகவே மீளும். புதுக் கனிமம் பிறக்காது. களிமண் அப்படியல்ல, மெல்ல மைக்காவாக மாறி வெப்பத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே நகரிக் கல்லின் வரலாற்றை முடிவாகச் சொல்ல, மணற்படுகைகளுக்கு இடையிலுள்ள களிப்பாறைகளையும் சோதிக்க வேண்டும். நகரிக் கல்லும் அடங்கிய கடப்பைப் படுகையின் கிழக்கே, நல்லமலைப் பகுதியில், பாறைகள் மடிந்து இலேசான உருமாற்றமும் கண்டுள்ளன. இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் அலைத்தடம் அழியாத கல்லைப் படிவுப் பாறையின் வரிசையில் வைப்பதே சரி.

நகரிக் கல் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. மலையிலிருந்து உடைந்த துண்டுகள் ஆற்றில் உருண்டு கூழாங்கல்லாகி, 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கிரிட்டேசியஸ் காலத்தில், சத்தியவேடு வட்டாரத்தில் புதிய படிவாகத் திரண்டன. பூண்டிக்கு அருகே குடியம் குகையின் சுவரில் அந்தக் கூழாங்கற்களைக் கையால் தொடலாம்.

அவை மீண்டும் உதிர்ந்து கொசஸ்தலை ஆற்றுச் சமவெளிக்கு வந்தபோது மனிதமுன்னோர் கருவி செய்ய எடுத்துக்கொண்டார்கள். 1863 செப்டம்பர் 28 அன்று நிலவியலார் இராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்த கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட்டே. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது கணித்தது. சாதாரண மணற்கல்லைத் தட்டினால் துகள்களின் ஓரமாகப் பிளந்து உதிரும். இந்தக் கல்லில் பிளவு துகள்களையே அறுத்துக்கொண்டு போகும்; கூரிய விளிம்பு நிற்கும். சிலிக்கா அடைத்த அந்த இடைவெளிகள்தான் கைக்கோடரிக்குக் கூர்மையைத் தந்தன.