போதைப்பொருளைப் பரிசோதிப்பவருக்கே பாதிப்பு வருமா? ஆய்வகத்தில் இருக்கும் ஆபத்து என்ன?

சென்னை துறைமுகத்திலோ, அத்திப்பட்டு பக்கத்தில் உள்ள காட்டுப்பள்ளி துறைமுகத்திலோ போதைப்பொருள் பிடிபட்டால், அது என்ன பொருள் என்று உறுதி செய்வது ஆய்வக ஊழியர்கள்தான்.

எவ்வளவு மாதிரி வரும்?
2022-ம் ஆண்டு விதிகளின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்கப்படும். கஞ்சா, அபின், சரஸ் என்றால் 24 கிராம். மற்றவை 5 கிராம்.

ஆபத்து எங்கே?
பாக்கெட்டைப் பிரித்து பொடியை எடை போடும்போது நுண்துகள் காற்றில் பறக்கும். அது மூச்சு வழியாக உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. தராசு, மேஜையிலும் துகள் ஒட்டிக்கொள்ளும்.

தொட்டாலே மயக்கமா?
ஃபென்டனில் 2 மில்லிகிராம் உடலுக்குள் போனாலே உயிர் போகலாம். ஆனால் கை பட்டதுமே சுருண்டு விழுவாங்க என்பது சரியல்ல என அமெரிக்க நச்சியல் மருத்துவர் அமைப்புகள் 2017-ல் விளக்கின. கழுவாத கையால் கண், மூக்கு, வாயைத் தொடுவதுதான் சிக்கல்.

என்ன பாதுகாப்பு?
நைட்ரைல் கையுறை, மாஸ்க், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடி அறை. கை கழுவ சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் கூடாது, மருந்து தோலில் இறங்குவதை அது அதிகமாக்கலாம். ஃபென்டனில், ஹெராயின் பாதிப்பு என்றால் நாலாக்சோன் மருந்து உதவும்.

வழக்குக்கும் இது முக்கியம். மேஜையில் மிச்சமிருக்கும் துகள் அடுத்த மாதிரியில் கலந்தால், சாட்சியமே கேள்விக்குறியாகிவிடும்.