புத்தகத்தின் சலான்

திருப்பூரில் துணி தனியாக எங்கும் போவதில்லை. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங் என்று போகிற இடமெல்லாம் ஒரு சலான் கூடவே போகும். எந்தப் பார்ட்டி, என்ன கலர், எத்தனை ரோல், எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். சலான் இல்லாத லாட் கம்பெனிக்குள்ளேயே கிடந்தாலும் தொலைந்த சரக்குதான். நூலகத்தில் புத்தகத்துக்கு உள்ள சலான்தான் பட்டியல் பதிவு: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, இருக்குமிடம் என்று நாலைந்து வரி. புத்தகம் அலமாரியை விட்டு அசையாமல் இருக்க, இந்த நாலைந்து வரி மட்டும் 150 ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

தமிழ்ப் புத்தகத்துக்குச் சட்டப்படி பதிவு பிறந்த ஆண்டு 1867. அந்த ஆண்டு வந்த அச்சகம், நூல் பதிவுச் சட்டப்படி, அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியும் அரசுக்குப் போக வேண்டியிருந்தது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட்டது. யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருக்க ஆட்சியாளர்களுக்கு அது வசதி. பின்னாளில் ஆராய்ச்சியாளர்களுக்கு அதுவே கைவிளக்கானது. 1961-ல் வெளிவரத் தொடங்கிய ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ 1867-ஐத் தொடக்கமாகக் கொண்டது இதனால்தான்.

அரசு கண்டுகொள்ளாத காகிதத்தையும் சேர்த்துவைத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை என்று நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என எதையும் விடவில்லை. 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது; ஆனால் கப்பல் ஏற்றவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. காகிதம் இங்கே இருக்க, நுண்படச்சுருளும் பதிவும் வெளியே போகலாம் என்பதுதான் ஏற்பாடு. 1556-லிருந்து தெற்காசியாவில் அச்சானவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காட்ட முயலும் தெற்காசிய ஒன்றியப் பட்டியலில் இந்த நூலகமும் பங்காளி.

பதிவு இப்படிக் கடல் தாண்டுவதற்கான பாதையைப் போட்டவை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கல்லூரிகள். ஒரே புத்தகத்துக்கு ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாக அட்டை எழுதுவது வெட்டி வேலை என்று 54 கல்லூரிகள் 1967-ல் சேர்ந்து ஓ.சி.எல்.சி. அமைப்பைத் தொடங்கின. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழக நூலகம் முதன்முதலாகத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பொதுக் கணினியில் புத்தகங்களைப் பதிந்தது. முறை எளிது. முதலில் புத்தகம் கிடைத்தவர் பதிவை எழுதுவார். அடுத்தவர் அதையே எடுத்துக்கொண்டு, ‘எங்களிடமும் உண்டு’ என்று ஒரு குறி மட்டும் சேர்ப்பார்.

அந்தப் பதிவுக்குள் எட்டிப் பார்த்தால் எல்லாம் எண்கள். மார்க் என்ற கணினி வடிவத்தில் 100 என்றால் ஆசிரியர், 245 தலைப்பு. திருப்பூர் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நூலக முறைப்படி தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதியும்போது ‘ச’வுக்கு ‘சி’ எழுத்துதான் போட வேண்டும். வழக்கம்போல ‘எஸ்’ போட்டுத் தேடுகிறவருக்குப் புத்தகம் இருந்தும் கிடைக்காது. இதற்காகவே 880 என்றொரு இடம் உண்டு. தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே அங்கே பதியலாம். ஆனால் அதை யாராவது உட்கார்ந்து நிரப்ப வேண்டும்.

1990-களில் இணையம் வந்ததும் பதிவுக்குப் புதுத் தலைவலி. இணையப் பக்கத்துக்கு அலமாரியும் கிடையாது, முத்திரையும் கிடையாது. இன்று இருப்பது நாளை இருக்காது. மார்க்கில் 856 என்ற இடம் இணைய முகவரிக்காக ஒதுக்கப்பட்டது. நூலகப் படிப்பு இல்லாதவரும் நிரப்பும்படி, 1995-ல் ஒஹையோவின் டப்ளின் நகரில் நடந்த கூட்டத்திலிருந்து ‘டப்ளின் கோர்’ பிறந்து, பிறகு 15 கூறுகளாக நிலைத்தது. 1999-ல் ஓ.சி.எல்.சி. ‘கார்க்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நல்ல இணைய வளங்களுக்கு நூலகங்கள் பங்கு போட்டுப் பதிவு எழுதுவதுதான் அதன் வேலை. அது 2002 வாக்கில் ‘கனெக்‌ஷன்’ என்ற சேவைக்குள் கலந்துவிட்டது.

இந்தக் கூட்டுக்கு ஒரு லாபமும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. முகவரி மாறினால் ஒருவர் திருத்தினால் போதும், அத்தனை பேருக்கும் சரியாகிவிடும். அதேபோல முதலில் எழுதியவர் ஆண்டைத் தப்பாகப் போட்டால், அந்தத் தப்பும் நூறு நூலகத்துக்குப் போய்ச் சேரும்.

தமிழில் இந்தக் கூட்டுழைப்பை நூலகங்களுக்காகக் காத்திராமல் தன்னார்வலர்களே தொடங்கிவிட்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முகப்பிலேயே இருக்கும். ஈழத்து நூல்களுக்கு 2005-லிருந்து நூலகம் திட்டம். 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்திய தேசிய மின்னூலகத்தைக் கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்துகிறது. பல நிறுவனங்களின் பதிவுகளைத் திரட்டி ஒரே தேடலில் காட்டுவது அதன் வழி. கோப்பு அவரவரிடம், பதிவு எல்லோரிடமும்.

இவ்வளவு தூரம் பயணித்த பதிவு திருப்பூருக்கு வரும்போது கையில் என்ன கொண்டுவருகிறது? இந்த ஊர் முதலாளிகளும் தொழிலாளிகளும் உருவான கதையை ஆராய்ந்து ஷரத் சாரி எழுதிய ஆங்கில நூலை 2004-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. பல்கலைக்கழக வெளியீடு என்பதால் பட்டியலில் தானாகவே ஏறிவிடும். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த பனியன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கைக்குக் கை மாறிய நோட்டீஸுக்கு அந்த வசதி இல்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவும், நொய்யல் ஆற்று மாசு பற்றிய அறிக்கைகளும் இணையத்தில் தேடினால் ஏதோ ஒரு மூலையில் கிடைக்கலாம். அந்தத் தளத்தை மாற்றி அமைத்தால் முகவரி செத்துப்போகும். 856-ல் பதிந்து, அவ்வப்போது பார்த்துத் திருத்த ஒரு நூலகம் பொறுப்பேற்றால்தான் அவை கைக்கு எட்டும்.

வெளியூரில் எழுதிய பதிவைக் கோஹா என்ற நூலக மென்பொருளில் இறக்கிக்கொள்ள நம் கல்லூரி நூலகங்களால் முடியும். கோஹா இலவசம். அதே பாதையில் பதிவை வெளியே அனுப்பவும் முடியும். அந்தப் பக்கம்தான் போக்குவரத்து குறைவு. திருப்பூரைப் பற்றிய முதல் பதிவைத் திருப்பூர்தான் எழுத வேண்டும், சிகாகோ எழுதாது. சங்க ஆண்டு மலர், வேலைநிறுத்த நோட்டீஸ், உள்ளூர்ச் சிற்றிதழ் என்று பரணில் ஏதாவது வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் ஒருமுறை காட்டுங்கள். நூலகர்களே, தலைப்பு, யார் வெளியிட்டது, எந்த ஆண்டு, எங்கே இருக்கிறது: இந்த நாலு வரி போதும், எழுதி அனுப்புங்கள்.